மடியில் கனமில்லாத வண்டி

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரண்டு அணியினருக்கும், சித்திரைப் புத்தாண்டு விழாவுக்கு வந்து இவ்வளவு நேரம் பொறுமையோடு அமர்ந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

“சாலையில் மன நிம்மதியோடு செல்பவர் புதிய கார் வைத்திருப்பவரா, பழைய கார் வைத்திருப்பவரா?” என்பது இன்றைய தலைப்பு. பழைய கார் வைத்திருப்பவரே என்று பேச வந்திருக்கிறேன். ஆனால் தலைப்புக்குள் போவதற்கு முன்னால் எதிரணித் தம்பிக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அவர் பேச்சுக்கு இந்த மண்டபம் எழுப்பிய கைதட்டல் இன்னும் என் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

தம்பி என்ன சொன்னார்? “பழைய கார் ஓட்டும் அக்காவுக்குக் கவலையே இல்லை என்பது உண்மைதான், ஏனென்றால் கவலை முழுவதும் அவருக்குப் பின்னால் வருபவருக்கு” என்றார். கடந்த மாதம் ரெதுயி பக்கம் என் வண்டி நடுச்சாலையில் நின்றதையும், பின்னால் வரிசையாக ஹாரன் ஒலித்ததையும் நேரில் பார்த்தவர்போல் வருணித்தார். போதாததற்கு என் எண் தட்டையும் இழுத்து, “98 என்று எழுதிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறாரே, அது வண்டியா, அருங்காட்சியகமா?” என்று கேட்டார்.

முதலில் அந்த 98-ஐ எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் மொரிஷியசில் காரின் எண் தட்டிலேயே அது பதிவான மாதமும் ஆண்டும் இருக்கும். காரின் வயதை இந்த நாட்டில் யாராலும் ஒளிக்க முடியாது. முன்னும் பின்னும் எழுதிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். டிசம்பரில் புது வண்டி எடுத்த ஒருவர் ஜனவரி பிறந்ததும் முகம் வாடிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். நான்கே வாரத்தில் அது போன வருடத்து வண்டி ஆகிவிட்டதாம்! என் டொயோட்டா ஸ்டார்லெட்டுக்கு அந்தத் துன்பம் இல்லை. 1973-இல் தொடங்கிய அந்த வரிசையை அதன் நிறுவனமே 1999-இல் நிறுத்திவிட்டு யாரிஸ் என்னும் பெயரில் அடுத்த வண்டியைக் கொண்டுவந்துவிட்டது. பின்னாளில் அதே பெயரை வேறொரு வண்டிக்குச் சூட்டினாலும், அது என்னை ஏங்க வைத்ததில்லை.

98 என்றால் இந்த அவையில் பலருக்கு வேறொன்றும் நினைவு வந்திருக்கும். அந்த ஆண்டு நவம்பரில்தான் நம் ரூபாய்த் தாள்கள் புதிதாக அச்சாகி வந்தன. ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த நம் தமிழெழுத்து அவற்றில் ஓரிடம் கீழே இறங்கியிருந்தது. நம் மக்கள் கொதித்தெழுந்தார்கள், அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டன, பழைய வரிசை மீண்டது. புதிதாக வந்தது என்பதற்காகவே ஒன்று மேலானதாகிவிடாது என்பதை மொரிஷியஸ் தமிழரிடம் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். தம்பி, அந்த 98-ஐ நான் தலைநிமிர்ந்துதான் ஓட்டுகிறேன்.

அடுத்து, வண்டி நடுச்சாலையில் நின்ற செய்தி. நின்றது உண்மை, மறைக்க மாட்டேன். காலை ஏழேகால் மணி, பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் நேரம். சிவப்பு விளக்குக்கு நிறுத்தினேன்; எஞ்சின் அடங்கிவிட்டது; சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஓர் ஒலி, அவ்வளவுதான். பின்னால் ஹாரன். தம்பி இதுவரைக்கும் சரியாகச் சொன்னார். ஆனால் இதற்குப் பிறகு நடந்ததை ஏனோ அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

எனக்குப் பின்னால் நின்ற வண்டியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். “அக்கா, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள், ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்” என்றார். அலுவலகத்துக்குப் போட்டு வந்த வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைவரை மடித்துக்கொண்டு தள்ளத் தொடங்கினார். பேருந்துக்கு நின்ற இரண்டு பேர் ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள். அரை நிமிடத்தில் வண்டி ஓரத்துக்கு வந்துவிட்டது. அந்த வெள்ளைச் சட்டைக்காரர் யார் தெரியுமா, நடுவர் ஐயா? இதோ, எதிரணியில் அமர்ந்திருக்கும் இதே தம்பிதான்!

கைதட்டுங்கள், தம்பிக்குத்தான் தட்ட வேண்டும். அந்த உதவிக்கு இந்த மேடையில் அவருக்கு நன்றி சொல்கிறேன். பின்னால் வந்தவருக்குக் கவலை என்றீர்களே தம்பி, அன்று கையைத் துடைத்துக்கொண்டு உங்கள் வண்டிக்குத் திரும்பியபோது நீங்கள் சிரித்த முகத்தோடுதானே போனீர்கள்?

அதற்குப் பிறகு நடந்ததையும் கேளுங்கள். பானெட்டைத் திறந்தேன். பேட்டரியின் முனையில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. டாஷ்போர்டுப் பெட்டியில் மஞ்சள் துணி ஒன்றில் சுற்றி வைத்த 10-ஆம் எண் ஸ்பானர் எப்போதும் இருக்கும். பிடியைத் தளர்த்தி, முனையை உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி மாட்டி முறுக்கினேன். சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது. எல்லாம் சேர்ந்து ஆறு நிமிடம். முதல் மணி அடிப்பதற்குள் வகுப்பில் இருந்தேன்.

அதே சிவப்பு விளக்கில் அதே மின்கோளாறோடு இன்றைய புதிய தானியங்கி வண்டி ஒன்று நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? திரையில் ஓர் எச்சரிக்கைப் படம் தோன்றியிருக்கும். அதற்கு என்ன பொருள் என்று கையேட்டைப் புரட்ட வேண்டும். பானெட்டைத் திறந்தால் எஞ்சினே தெரியாமல் கறுப்பு பிளாஸ்டிக் மூடியிருக்கும். கணினியை இணைத்துப் பார்த்தால்தான் நோய் என்னவென்று விளங்கும். மின்சாரப் பார்க்கிங் பிரேக் பிடித்துக்கொண்டால் பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும் அது அசையாது. இழுத்துப்போகும் லாரி வரும்வரை அத்தனை பேரும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். பின்னால் வருபவருக்கு நிஜமாகவே கவலை தருவது எந்த வண்டி என்பதை அவையோர் தீர்மானிக்கட்டும்.

பாதுகாப்பைப் பற்றியும் எதிரணியில் ஒருவர் பேசினார். அது நியாயமான கேள்வி. கவலையின்மை வேறு, கவனமின்மை வேறு. பழைய வண்டி என்பதற்காக நான் தேய்ந்த டயரில் ஓட்டுவதில்லை, பிரேக் திரவத்தைப் பார்க்காமல் இருப்பதில்லை. அதற்கென்று அரசாங்கம் ஃபிட்னெஸ் சோதனை வைத்திருக்கிறது. பிரேக், விளக்கு, ஸ்டியரிங், புகை எல்லாவற்றையும் பார்த்துத்தான் வண்டியை வெளியே விடுகிறார்கள். வடக்கிலிருந்து தெற்குவரை ஏறக்குறைய 65 கிலோமீட்டர் நீளமுள்ள தீவு இது. நம் நெடுஞ்சாலையில் மிகக் கூடுதலான வேக வரம்பே மணிக்கு 110 கிலோமீட்டர்தான். காலையில் போர்ட் லூயிசுக்குள் நுழையும் வரிசையில் 1331 சிசி ஸ்டார்லெட்டும், அதைப்போல இரண்டு பங்கு எஞ்சின் கொண்ட வண்டியும் ஒரே வேகத்தில்தான் ஊர்கின்றன. 12 லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள்தொகை உள்ள இந்த நாட்டில், மோட்டார் சைக்கிள்களையும் சேர்த்தால், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் இருக்கின்றன. இந்த நெரிசலில் என் வண்டியில் ஒரு கீறல் விழாமல் யார் காப்பாற்ற முடியும்?

கீறல் என்றதும் நம் ஊரில் நடப்பது உங்களுக்குத் தெரியும். கார் நிறுத்தும் இடத்தில் ஒரு வண்டி மற்றொன்றை லேசாக உரசிவிட்டால், இரண்டு பேரும் இறங்கி, விபத்து விவரம் எழுதும் கோன்ஸ்தா படிவத்தை எடுத்து, படம் வரைந்து, கையெழுத்திட்டு, இன்ஷூரன்சுக்குத் தொலைபேசியில் பேசி முடிக்க அரை நாள் போய்விடும். சென்ற தீபாவளிக்கு முந்தின நாள் ஓர் இளைஞர் என் பம்பரைத் தட்டிவிட்டு, நடுங்கிப்போய் இறங்கி வந்தார். அவருக்கு இருபது வயதுகூட இருக்காது. அவருடைய அப்பாவின் வண்டி. “மேடம், மன்னித்துவிடுங்கள்” என்றபோது அவர் உதடு துடித்தது. நான் பம்பரைப் பார்த்தேன். அதில் ஏற்கெனவே நான்கு தடங்கள் இருந்தன. புதியது எது என்று எனக்கே தெரியவில்லை. “ஒன்றுமில்லை தம்பி, வீட்டுக்குப் பத்திரமாகப் போங்கள்” என்றேன். அந்த முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். முந்தாநாள் ஷோரூமிலிருந்து எடுத்து வந்த வண்டியாக இருந்திருந்தால் என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்திருக்குமா? என்னை நான் அறிவேன், வந்திருக்காது.

பணக் கணக்கை நான் நீட்டப் போவதில்லை; என் அணியில் முன்பு பேசியவர் லீசிங் தவணையையும், எஞ்சின் கொள்ளளவுக்கேற்ப ஏறும் தீர்வையையும் தெளிவாக எடுத்து வைத்துவிட்டார். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். அது நடந்து போன காலத்தில் சொன்னது. இன்று அந்தக் கனம் நான்கு சக்கரத்தில் ஏறிக்கொண்டு நம்மோடு வருகிறது. அந்தக் கனம் ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதை எங்கள் குடும்பத்திலேயே நான் பார்த்தேன்.

இது என் பெரியப்பா மகனைப் பற்றியது. அண்ணன் இதோ மூன்றாம் வரிசையில் அண்ணியோடு அமர்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் பேசுகிறேன். அண்ணன் உழைப்பாளி. பல ஆண்டுகள் சேர்த்த பணத்தை முன்பணமாகக் கட்டி, மீதிக்கு ஏழு ஆண்டு லீசிங் போட்டு, வெள்ளை நிறத்தில் உயரமான புதிய வண்டி ஒன்றை எடுத்தார். கோவிலில் பூசை போட்டோம், எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறியது, எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். அவர் வாழ்க்கையில் அது பெரிய நாள். அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்கு உண்டு.

ஆனால் மூன்று மாதம் ஆகியும் இருக்கைகளின் பிளாஸ்டிக் உறை கழற்றப்படவில்லை. கடற்கரைக்குப் போனால் பிள்ளைகள் மணலைத் தட்டிவிட்டு, கால் கழுவி, துடைத்து, அண்ணன் பார்த்து அனுமதித்த பிறகே ஏற வேண்டும். சாலையோரத்தில் சூடாகத் தால் பூரி வாங்கினால் வெயிலில் நின்று தின்று முடித்துவிட்டுத்தான் வண்டிக்குள் வர வேண்டும். சூப்பர்மார்க்கெட்டில் வாசலருகே இடம் காலியாக இருந்தாலும், வேறு வண்டியே நிற்காத கடைசி மூலையில் நிறுத்திவிட்டு, அண்ணி பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவார். இரவில் நாய் குரைத்தால் அண்ணன் எழுந்து திரைச்சீலையை விலக்கி வெளியே பார்ப்பார்.

அந்த ஆண்டுத் தைப்பூசத்துக்கு அண்ணன் மகன் முதன்முறையாகக் காவடி எடுத்தான். பையனுக்கு 12 வயது. பத்து நாள் விரதம் இருந்தான். முந்தின இரவு வீட்டு முற்றத்தில் எல்லோரும் உட்கார்ந்து மூங்கில் வளைத்து, தென்னங்குருத்தும் பூவும் மயிற்பீலியும் கட்டி, இரண்டு முனையிலும் பால் செம்பு தொங்கவிட இடம் வைத்து, காவடியை முடித்தோம். விடிந்ததும் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். அண்ணன் வண்டியில் இடம் தாராளமாக இருந்தது. அண்ணன் காவடியைப் பார்த்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த மூங்கில் முனையைப் பார்த்தார். சாம்பல் நிற இருக்கையைப் பார்த்தார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. “அண்ணா, என் வண்டியிலேயே வைத்துவிடுங்கள்” என்றேன். ஸ்டார்லெட்டின் பின் இருக்கையை மடித்தோம், பின்கதவு மூடவில்லை, கயிற்றால் இழுத்துக் கட்டினோம். காவடி உள்ளே, அதற்குப் பக்கத்தில் பால், பூக்கூடை, தேங்காய், மஞ்சள் தண்ணீர்க் குடம், இடுக்கில் இரண்டு பிள்ளைகள். போகும் வழியில் குடம் தளும்பி மஞ்சள் நீர் கொட்டியது. நாங்கள் பாடுவதை நிறுத்தவில்லை.

ஊர்வலம் புறப்பட்டது. அண்ணன் என்ன செய்தார் என்றால், காவடி முடிந்து களைத்து வரும் மகனை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், தம் வண்டியைக் கோவிலடிக்கு முன்னாலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து சேர்ந்துகொள்வதாகச் சொல்லிப் போனார். கத்ர் போர்ன் மலைக்கோவில் தைப்பூசத்தன்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? கோர் தெ கார்ட் மலையடிவாரத்தில் கால் வைக்க இடமிருக்காது. அண்ணனுக்கு ஓரிடம் கிடைத்தது. காவடிகள் உரசிக்கொண்டு போகும் வழியாக இருந்ததால் எடுத்துவிட்டார். இரண்டாவது இடத்தில் பக்கத்தில் தண்ணீர் லாரி நின்றது, அங்கிருந்தும் எடுத்துவிட்டார். மூன்றாவது இடத்தில் நிறுத்தினார். கூட்டம் இரண்டு பக்கமும் நெருக்கியடித்துக்கொண்டு போயிற்று. ஒரு கூடையின் முனை, ஒரு குடைக்கம்பி, ஒரு பிள்ளையின் கைவளையல் பட்டாலும் போதும் என்று, வண்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டார். மேளம் நெருங்கி வந்தது, அரோகரா முழக்கம் கேட்டது. கூட்டம் கொஞ்சம் குறையட்டும், போய்விடலாம் என்று நினைத்தார். மேளம் அவரைக் கடந்து மேலே போய்விட்டது.

மகன் படியேறிவிட்டான், நடுவர் ஐயா. முதல் காவடி. அப்பா எங்கே? வண்டியருகில்.

இதில் ஒன்றை விட்டுவிட்டேன். அதைச் சொல்ல அவை எனக்கு அனுமதி தர வேண்டும். படி தொடங்கும் இடத்தில் அந்தப் பிள்ளை ஒரு கணம் நின்றான். வெயிலில் தார் கொதித்துக் கால் சிவந்திருந்தது, தோளில் காவடி அழுத்தியது, நாவில் சிறு வேல் குத்தியிருந்ததால் பேச முடியாது. பின்னால் திரும்பிப் பார்த்தான். இடப்பக்கம் அண்ணி, வலப்பக்கம் நான். அவன் கண் எங்கள் இருவரையும் தாண்டித் தேடியது. அப்பா எங்கே? வண்டியருகில். பிறகு அவன் முன்னால் திரும்பிப் படியில் கால் வைத்தான். மேலே போய்ச் செம்பைத் திறந்தபோது பால் திரியவில்லை. அவ்வளவு வெயிலிலும் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. அண்ணி அழுதார். எல்லோரும் செம்பை எட்டிப் பார்த்தோம். குருக்கள், “பையனின் தகப்பனார் வாருங்கள்” என்று அழைத்தார். தகப்பனார் எங்கே? வண்டியருகில். அபிஷேகம் முடிந்து விபூதி கொடுக்கும்போது அண்ணன் மூச்சிரைக்க ஏறி வந்து, “எப்போது ஏறினான்?” என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

இதே நேரம் என் ஸ்டார்லெட் எங்கே நின்றது? கரும்புத் தோட்டத்து ஓரத்தில், பாதி புல்லில் இறங்கியபடி, ஒரு கதவு பூட்டாமல், உள்ளே ஏழு ஜோடிச் செருப்புகளோடு நின்றது. அன்று காலையிலிருந்து மாலைவரை அந்த வண்டியின் நினைவே எனக்கு வரவில்லை. முருகனை நினைத்தேன், பிள்ளையின் காலைப் பார்த்தேன். இதைத்தான் நான் நிம்மதி என்கிறேன்.

அண்ணனை இந்த இடத்தில் விட்டுவிட்டுப் போவது அவருக்கு நியாயம் செய்வதாகாது. சில மாதம் கழித்துச் சூப்பர்மார்க்கெட்டின் அந்தக் கடைசி மூலையிலேயே, காற்றில் உருண்டு வந்த தள்ளுவண்டி ஒன்று அவருடைய இடது கதவை ஒரு முழம் நீளத்துக்குக் கீறிவிட்டது. அன்றிரவு அண்ணனுக்குத் தூக்கம் வராது என்று அண்ணி பயந்தார். அண்ணன் படுத்தார், தூங்கினார், விடிந்துதான் எழுந்தார். அடுத்த தைப்பூசத்துக்குக் காவடி அவர் வண்டியிலேயே போயிற்று, பால் சிந்தியது, துணியால் ஒற்றிவிட்டு, மகனோடு வெறுங்காலில் நடந்து, ஒவ்வொரு படியாக அவனோடு ஏறினார். இன்றைக்கு அந்தக் கதவில் கீறல் அப்படியே இருக்கிறது, பின் இருக்கையில் பால் கறை இருக்கிறது. நடுவர் ஐயா, அண்ணன் எங்கள் அணிக்கு வந்துவிட்டார்!

வண்டியை விட்டு அகல முடியாத மனம் ஆபத்தாகவும் முடியலாம். 2024 ஜனவரி 15, பெலால் புயல் நம்மைக் கடந்த நாள். காலையில் வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வீடு திரும்பப் புறப்பட்டு, போர்ட் லூயிசின் தெருக்கள் ஆறாக மாறி, கார்கள் மிதந்து ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்டதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். நானும் அன்று அங்கே மாட்டிக்கொண்டேன். தண்ணீர் கதவின் அடிவிளிம்பைத் தொட்டபோது சாவியை அதிலேயே விட்டுவிட்டு இறங்கினேன்; மேட்டிலிருந்த ஒரு கடையின் படிக்கட்டில் முன்பின் தெரியாதவர்களோடு போய் நின்றேன். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், இன்னும் ஐந்து ஆண்டுத் தவணை பாக்கி இருக்கும் தம் வண்டியைப் பார்த்துக்கொண்டே இரண்டு முறை மறுபடி தண்ணீரில் இறங்கப் போனார். நாங்கள் சட்டையைப் பிடித்து நிறுத்தினோம். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவர் மடியில் கனம் இருந்தது, என் மடியில் இல்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

மறுநாள் போய்ப் பார்த்தபோது என் வண்டி ஒரு சுவரோடு சாய்ந்து நின்றது. உள்ளே கணுக்கால் அளவு சேறு. புதிய வண்டிகள் பலவற்றில் இருக்கைக்கு அடியிலும் தரைக்கு அடியிலும் மின்னணுப் பெட்டிகள் இருக்கும்; சேறு புகுந்தால் அவ்வளவுதான். இதில் அந்தத் தொல்லை இல்லை. இருக்கைகளைக் கழற்றினேன், மூன்று நாள் வெயிலில் காய வைத்தேன், எண்ணெயும் பிளக்குகளும் மாற்றினோம், எஞ்சின் ஓடியது. கடைசியாக ரப்பர் மேட்களை எடுத்து முற்றத்துக் குழாயடியில் கழுவினேன். ஓட்டுநர் பக்கத்து மேட் தேய்ந்திருந்தது, அது இயல்பு. சேற்றைத் தேய்த்துக் கழுவக் கழுவ, இடப்பக்கத்து மேட்டிலும் ஓரிடம் தேய்ந்து ஓட்டை விழும் நிலையில் இருப்பது தெரிந்தது. பிரேக்கே இல்லாத பக்கம் அது.

இந்த வண்டியை வாங்கியவர் என் அப்பா. முப்பது ஆண்டு சைக்கிளில் சர்க்கரை ஆலைக்குப் போய்வந்தவர். 2001-இல் சர்க்கரைத் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது, கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, மூன்று வயதான இந்த ஸ்டார்லெட்டை ஒரு வாத்தியாரிடமிருந்து வாங்கினார். 55 வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டார். அதன் சாவி வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கும். பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்துக் கல்யாணத்துக்கு அந்த வண்டி போயிற்று. எதிர்வீட்டு கிரியோல் அம்மாவுக்கு நடு இரவில் வலி எடுத்தபோது அவர்கள் வீட்டு மருமகனே வந்து சாவியை எடுத்துக்கொண்டு போனார், காலையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பா அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை, குழந்தை ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்டார்.

எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். காஸ் நொயாலிலிருந்து ஷமரெலுக்கு ஏறும் அந்தச் செங்குத்துச் சாலையில், பாதி ஏற்றத்தில் நிறுத்தச் சொல்லி, கைப்பிரேக்கில் பிடித்து, பின்னால் நழுவாமல் எடுக்கச் சொல்லுவார். இடப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, நான் வளைவில் வேகமாகத் திரும்பும்போதெல்லாம் அவர் வலது கால் தரையை அழுத்தும். அங்கே பிரேக் இல்லை என்று அவருக்கும் தெரியும். பேட்டரி முனையில் உப்புப் பூத்தால் என்ன செய்ய வேண்டும் என்று காட்டிவிட்டு, அந்த ஸ்பானரை மஞ்சள் துணியில் சுற்றி, ஓடும்போது சத்தம் வராமல் பெட்டிக்குள் வைத்தவரும் அவர்தான். கண் மங்கி அவரால் ஓட்ட முடியாமல் போன பிறகு, நான்கு ஆண்டு, மருத்துவமனைக்கு நான் ஓட்டினேன், அப்பா இடப்பக்கம் உட்கார்ந்தார். சாலை சரியாகத் தெரியாது. ஆனாலும் வண்டி இறக்கத்தில் வேகம் எடுத்தால் அந்தக் கால் அழுத்தும். “அப்பா, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பேன். “சரிம்மா” என்பார், அடுத்த இறக்கத்தில் மறுபடி அழுத்துவார். 2019-இல் அவர் போய்விட்டார்.

எதிரணியினர் இந்த வண்டிக்கு என்ன விலை வரும் என்று கேட்டார்கள். சந்தையில் ஒன்றும் பெரிதாக வராது, எனக்கும் தெரியும். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அம்மாவைக் கோவிலுக்கு அழைத்துப் போகிறேன். அம்மா இடப்பக்கம் உட்காருவார், கண்ணாடியைக் கையால் சுற்றிப் பாதி இறக்குவார், கோர் தெ கார்ட் மலை தெரிந்ததும் கை கூப்புவார். கால்களை அந்தத் தேய்ந்த இடத்தில் வைப்பதில்லை. கதவுப் பக்கமாக ஒதுக்கி வைத்துக்கொள்வார்.

நடுவர் ஐயா, நீங்கள் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன். அந்த மேட்டை மட்டும் மாற்றச் சொல்லிவிடாதீர்கள். வணக்கம்.